வலது விலாவில் கட்டிய நீர்

முதுகைத் தட்டிப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. இடது கை நடுவிரலை விலா எலும்புகளுக்கு இடையில் பதிக்க வேண்டும். வலது கை நடுவிரலால் அதன் மேல் இரண்டு தட்டு. நுரையீரலில் காற்று இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியது போல ஓசை வரும். நீர் கட்டியிருந்தால் சுவரைத் தட்டியது போல ஒரு மந்தம். காதுக்கு எட்டுவதற்கு முன்பே அது விரலுக்குத் தெரிந்துவிடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்து நான்கு வருடம் அப்படித் தட்டியிருக்கிறேன். என் மனைவியின் முதுகைத் தட்டியது ஒரே ஒரு முறைதான். விரல் சரியாகத்தான் சொன்னது. கேட்க மறுத்தது நான்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். தொழிலாளர்கள் டாக்டரையா என்பார்கள். துரைமார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே டிஸ்பென்சரி வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதை நான் எழுதும் துண்டுதான் தீர்மானிக்கும். அதனால் வந்தவர்களில் பாதிப் பேரை நோயாளிகளாகவும் மீதிப் பேரை நடிகர்களாகவும் பார்க்கப் பழகிவிட்டேன். விலா வலிக்கிறது என்று வந்த பெண்களுக்குக் கூடை சுமந்த வலி என்று தைலம் கொடுத்து அனுப்புவேன். அவர்களில் சிலர் ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததுண்டு. அப்போது பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். தாமதம் என்ற சொல் மட்டும் அந்தக் கடிதங்களில் ஒருபோதும் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஹாலிஎலவுக்கு மேலே, ரோட்டிலிருந்து படி ஏறிப் போகும் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மனைவி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். நடுவில் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் நான்கு வகுப்புகள் நடந்த காலம் அது. அவள் பாடம் நடத்தினால் மற்ற மூன்று வகுப்பும் அவளிடமே பாடம் கேட்கும். அந்தக் குரலோடுதான் ஓய்வு பெற்றாள். கீழே ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நான் அடுப்பில் எதை அணைக்க மறந்தேன் என்று கேட்டுக்கொண்டு ஏறுவாள். படிகள் முடிவதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்திருக்கும்.

போன வருடம் மழை தொடங்கிய சமயம், படியின் பாதியில் அவள் குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு விலாவில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?"

"சிரிச்சா குத்துதுங்க."

"அப்ப சிரிக்காத."

நான் செய்த முதல் வைத்தியம் அது.

மாலை வேளைகளில் லேசாகக் காய்ச்சல் வந்தது. சோறு குறைந்தது. ஜாக்கெட் தொளதொளத்தது. ஒரு நாள் அவளை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்துத் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கீழே மந்தம். இதே மந்தத்தை வேறு யாருடைய முதுகிலாவது கேட்டிருந்தால் அன்றைக்கே எக்ஸ்ரேக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் வலது பக்கம் கீழே ஈரலும் இருக்கிறது. ஈரலின் மேலும் ஓசை மந்தமாகத்தான் இருக்கும். மனிதனுக்கு ஒரு சாக்குத் தேவைப்படும்போது உடற்கூற்றியலும் ஓடி வந்து உதவும்.

"சில பேருக்கு ஈரல் கொஞ்சம் மேல இருக்கும்" என்றேன்.

"இத்தன வருஷமா கீழதான இருந்துச்சு?" என்றாள்.

"நீ டொக்டரா, நான் டொக்டரா?"

"ரெண்டு பேருமே இல்லைங்க."

ஆனாலும் நான் கொடுத்ததை விழுங்கினாள். ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளரை வீட்டில் வைத்திருப்பது பூட்டில்லாத மருந்து அலமாரியை வைத்திருப்பது போலத்தான். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் இல்லாததை டவுனில் உள்ள மருந்துக்கடையில் துண்டு கேட்காமலே கொடுப்பார்கள், ஐயா என்ற மரியாதைக்கு. லெவோஃப்லொக்சசின் வாங்கி வந்தேன். நல்ல மருந்து. பல கிருமிகளைக் கொல்லும். காசநோய்க் கிருமியை மட்டும் முழுதாகக் கொல்லாமல் பாதி மயக்கத்தில் படுக்கவைக்கும். காய்ச்சல் இறங்கும், நோய் ஒளிந்துகொள்ளும், பிறகு சோதனை செய்கிறவன் கையில் எதுவும் அகப்படாது. மார்பு நோய் என்று சந்தேகம் இருந்தால் அதைத் தொடாதே என்று எத்தனையோ இளம் உதவியாளர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா?" என்றேன். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடியும் அதே மருந்து, மறுபடியும் இறங்கியது. மூன்றாவது முறை வந்தபோது அவளால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு. இரண்டு சொல், ஒரு மூச்சு. சண்டை போடுவதற்கு அது போதாது. அவள் சண்டை போடுவதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் விளிம்பு பக்கவாட்டில் வளைந்து ஏறியிருந்தது. முதலாம் வருடப் புத்தகத்தில் வரும் படம் அப்படியே. ஈரல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவின் உட்புறத்தோடு. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஈரம், வழுக்கிக்கொண்டு அசைய. அந்த இடுக்கில் கிருமி புகுந்தால் முதலில் நீர் கட்டும். நீர் கலங்கும், சீழாகும், அறை அறையாகப் பிரிந்துகொள்ளும். நாள் போகப் போகப் பாலாடை போலப் படிந்தது தடித்து, நுரையீரலைச் சுற்றித் தோலாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் விரியாது. எல்லாம் எத்தனை நாள் விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்தது. நான் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுவைத்திருந்தேன்.

வார்டில் அவளைச் சேர்த்த டொக்டர் சின்ன வயசுப் பிள்ளை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் தாத்தாவும் என்னைப் போன்ற ஒருவரிடம் துண்டுக்காக வரிசையில் நின்றிருப்பார். மனைவியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, மேசையில் தலையணை போட்டு அதன் மேல் குனியச் சொன்னாள். ஸ்கேனை வைத்து இடம் பார்த்தாள். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை நுழைத்தாள். கீழ் விளிம்பில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும், அங்கே குத்தக் கூடாது. சரியாகத்தான் செய்தாள். அப்படியும் புத்தி சொல்ல வாயைத் திறந்தேன்.

"அங்கிள், நான் குத்தும்போது நீங்க மூச்சப் புடிக்க வேணாம்" என்றாள் திரும்பாமலே.

ஊசிக்குழலில் வந்தது கலங்கலாக இருந்தது. இளநீரில் மாவைக் கரைத்தது போல. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை கேட்டாள்:

"எத்தன நாளா அன்ட்டி காய்ச்சல்?"

மனைவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்து நாளா" என்றாள்.

"அதுக்கு முன்னுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"வீட்டுல ஏதும் மருந்து குடுத்தீங்களா அங்கிள்? டாக்டரையா வீடாச்சே."

எதிர்க் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். என்னுடைய தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். ஜன்னல் பக்கம் இன்னும் இரண்டு பேர், அவர்களும் என்னிடம் மருந்து எடுத்தவர்கள். மூவரும் டீச்சரம்மாவின் விலாவில் ஊசி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரசிட்டமோல்" என்றேன். "காய்ச்சலுக்கு மட்டும்."

இது சின்னப் பொய்யல்ல. இரண்டு மாதம் மாலைக் காய்ச்சல், மெலிவு, லெவோஃப்லொக்சசினுக்கு இறங்கி இறங்கி ஏறியது என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், ஊசியைக் கையில் எடுக்காமலே காசநோய் என்று முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். பத்து நாள் காய்ச்சல், கலங்கல் நீர் என்றால் கதை வேறு. சளிக்காய்ச்சலுக்குப் பின்னால் சாதாரணக் கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்களும் அப்படியே நினைத்தார்கள். இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்றினார்கள். விலாவில் குழாய் வைத்து, அதன் மறுமுனையைத் தண்ணீர் உள்ள போத்தலுக்குள் விட்டார்கள். சொன்ன கதைக்குச் சரியான வைத்தியம் அது.

நீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. காசநோய்க்கான பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. இந்த இடத்து நீரில் அது பல சமயம் அகப்படாது. காசநோயில் ஏறும் ஒரு நொதியின் அளவு ஏறியிருந்தது, ஆனால் சாதாரணச் சீழிலும் அது ஏறும். காகிதங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. அவற்றின் வாயை அடைத்தவன் தினமும் மதியம் ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் கட்டில் பக்கத்தில் கொய்யாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்தால் எல்லோரும் வெளியே போக வேண்டும் என்ற சட்டத்தை என் சின்ன டிஸ்பென்சரி வார்டில் நான் கறாராக நடத்தியவன். அழுதுகொண்டு நின்ற புருஷன்மாரைக் கைதட்டி விரட்டியிருக்கிறேன். இப்போது மணி அடித்ததும் என்னைப் போலவே ஒருவன் கைதட்டிக்கொண்டு வந்தான். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் வீட்டுக்குப் போய் வரலாம், ஹாலிஎல தூரமில்லை. போகப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அவளிடம் மாலையில் என்ன சொல்லலாம் என்று யோசிப்பேன். போனதும் "சாப்பிட்டியா?" என்பேன். தலையை ஆட்டுவாள். பேச்சு முடிந்துவிடும்.

வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன், குறைக்கச் சொல்ல ஆளில்லை. துவைத்த சாரத்தைக் கதிரையில் போட்டேன், அது அங்கேயே கிடந்தது. நாற்பது வருடமாக இப்படி ஒரு நிம்மதி கிடைக்காதா என்று ஏங்கியவன் நான். கிடைத்த பிறகு, குழம்பில் உப்புக் கூட என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. குழம்பில் உப்பே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மாலை அவள் கட்டிலுக்கடியில் இருந்த போத்தலைப் பார்த்தேன். குழாய்க்குள் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் உள்ளே நுரையீரல் அசைகிறது, குழாயும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டாலும் அசைவு நிற்கும், குழாய் அடைபட்டாலும் நிற்கும். மூன்றாவது வாரம் அது நின்றிருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியவில்லை. எதிர்க் கட்டில்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரையா, போத்தலப் பாத்தது போதும். டீச்சரம்மா மொகத்தயும் பாருங்களே."

பார்த்தேன். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. பெரிய டொக்டர் அன்று காலை கண்டிக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொல்லியிருந்தார். மார்பைத் திறந்து அந்தத் தோலை உரித்து எடுக்கும் ஒப்பரேஷனுக்கு. செய்ய வேண்டிய நேரத்தில் செய்தால் நல்ல ஒப்பரேஷன் அது. உள்ளே காசநோய் மருந்தே படாமல் உயிரோடு இருக்கும்போது செய்தால் என்ன ஆகும் என்பதை நான் எங்கேயும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

குனிந்து அவள் காதில் சொன்னேன். "நான் சொல்லிடுறேன்."

"வேணாங்க."

"ஏன்?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "மூணு பேரும்... கேட்டுக்கிட்டு... இருக்காளுங்க. உங்களப் பத்தி... என்ன நெனப்பாளுங்க?"

விலாவில் குழாயோடு படுத்திருந்தவள் என் மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து வெளியே போனேன். டொக்டர் பிள்ளை நடைவழியில் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எந்த இடைவெளியில் எத்தனை முறை. ஈரலைப் பற்றியும் சொன்னேன். ஒரு நோயாளியின் வரலாற்றை வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் சொன்னதே இல்லை.

பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேற யாராச்சும் இதச் செஞ்சிருந்தா படிக்காத ஆளுன்னு ஏசிட்டுப் போயிருப்பேன். உங்கள என்னான்னு ஏசுறது அங்கிள்?"

"எப்படி வேணும்னாலும் ஏசுங்க."

"ஏச நேரமில்ல. வாங்க."

விறுவிறு என்று வார்டுக்குள் போனாள். கட்டில் பக்கத்தில் நின்று, ரெண்டு மாசமா அன்ட்டி, ரெண்டு மாசமா என்று உரக்கக் கேட்டாள். வார்டு முழுக்கக் கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்கில் நடந்தது. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே தடித்த சவ்விலிருந்து ஊசியால் சின்னத் துண்டுகள் எடுத்தார்கள். இவ்வகை நோயில் நீர் சொல்லாததைச் சதை சொல்லிவிடும். காசநோய்க்கே உரிய சின்னச் சின்ன முடிச்சுகள் அதில் இருந்தன. ஒரு பகுதியைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். நான் கொடுத்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பழகவில்லை என்று வந்தது. நான் தப்பவில்லை, அவள் தப்பினாள். அடைபட்ட குழாயை மாற்றிவைத்தபோது இன்னும் கொஞ்சம் சீழ் வந்தது. கண்டிக்குப் போகும் கடிதத்தை நிறுத்திவைத்தார்கள். நாலு மாதம் மருந்து எடுத்துவிட்டு எக்ஸ்ரே படம் பார்க்கலாம், மூச்சுப் பயிற்சியில் விரியுமளவு விரியட்டும், விரியாவிட்டால் உரித்தே ஆக வேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னார்.

இந்த நோய்க்கான மாத்திரையை ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல், இன்னொருவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். பார்த்தவர் அட்டையில் அடையாளம் வைக்க வேண்டும். நோயாளி தேறியதும் மாத்திரையைக் கைவிட்டுவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மார்பு நோய் கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் அட்டையை எடுத்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயா இருக்கிறபடியால் சுகம். ஐயா பெயரையே போட்டுவிடவா?"

"அவர் வேணாம் மிஸ்" என்றாள் மனைவி. "வேற ஆளப் போடுங்க."

மிஸ்ஸின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. சுவரில் இருந்த போஸ்டரை நான் வாசிக்கத் தொடங்கினேன். கைக்குட்டையால் வாயை மூடி இருமவும் என்று எழுதியிருந்தது. மூன்று மொழியிலும் வாசித்தேன்.

அவள் சொன்ன ஆள், எங்கள் வீட்டுக்குக் கீழே, ரெயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவிச்சி. என் டிஸ்பென்சரியில் இருபது வருடம் எனக்குக் கீழே வேலை செய்தவள். அவள் கையெழுத்துச் சரியில்லை என்று எத்தனை முறை புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "கோவமா?"

ஜன்னல் பக்கம் திரும்பினாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமில்லைங்க. நீங்க குடுத்தா... நான் ஏன்னு கேக்கமாட்டேன். அதான்."



மறுநாளிலிருந்து காலையில் அவள் படி இறங்கிப் போவாள். பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்பாள். முதல் நாள் கூடவே போனேன். மருத்துவிச்சி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"ஐயா வெளிய நில்லுங்க. நோயாளிங்க மட்டும் உள்ள வரலாம்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சபடியாத்தான் சொல்றேன்."

உள்ளே இருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. கூடவே இருமலும் வந்தது. விலா குத்தியிருக்கும். இருந்தாலும் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று வாசலில் நின்று யோசித்தேன். அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை. படியின் தலைப்பில் நின்று, அவள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு சோடாப் போத்தலில் பாதி தண்ணீர் ஊற்றி, சேலைன் குழாயை அதற்குள் விட்டு ஊதச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் தடுக்கும், அந்தத் தடையை மீறி ஊத ஊத ஒட்டிக்கிடந்த பக்கம் மெல்லத் திறக்கும். காலையும் மாலையும் அவள் அறையிலிருந்து தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம் வரும். முதல் வாரம் இரண்டு குமிழி வந்தால் நின்றுவிடும். நான் வெளி அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு வரியும் வாசிக்காமல், கதவுக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதுகை நிமிர்த்து, தோளைத் தூக்காதே, வலது பக்கத்துக்கு இழு என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொள்வேன். இவ்வளவு காலம் என் வாயை அடக்க அவள் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்ற இடத்தில், ஒரு சோடாப் போத்தல் ஜெயித்தது.

அவளுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு இல்லாமல் இல்லை. தண்ணீர் சுட்டதா, மழை வருமா, வெளியூரிலிருந்து மகன் போன் எடுத்தானா. மரியாதையான பேச்சு. ஒரு வாடகைக்காரரிடம் பேசுவது போல. நான் வேண்டுமென்றே ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் விட்டேன். அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. மூச்சு போதவில்லையா, விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாவதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.

நாலாம் மாதம் அதைத்தான் எடுத்தார்கள். டொக்டர் பிள்ளை படத்தைத் திரையில் போட்டாள். கறுப்பு கீழே வரை இறங்கியிருந்தது. கறுப்பு என்றால் காற்று. அடியில் மட்டும், நுரையீரலும் விலாவும் சேரும் கூர்மையான மூலை மழுங்கி வெள்ளையாக இருந்தது.

"கண்டிக்குப் போகத் தேவையில்ல அன்ட்டி. ஒப்பரேஷன் இல்ல" என்றாள்.

"அந்த மூல?" என்றேன்.

"அது அப்படியேதான் இருக்கும் அங்கிள். ஒட்டினது ஒட்டினதுதான். அதோட வாழலாம்."

மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னமே வந்திருந்தா இந்த மூல இருந்திருக்காதா?" என்று கேட்டாள். கேட்டது பிள்ளையிடம்.

பிள்ளை என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். "சொல்ல ஏலாது அன்ட்டி."

"இருந்திருக்காது" என்றேன் நான்.

மனைவி தலையை ஆட்டினாள். கையில் இருந்த படத்தின் உறையை என்னிடம் கொடுத்தாள், நான் அதைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடந்தேன். பஸ் நிலையம் வரை எங்கேயும் நிற்காமல் நடந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருத்துவிச்சி பண்டாரவளையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். முந்தின நாளே ஞாயிற்றுக்கிழமைக்கான மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, அட்டையோடு மனைவியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்கு அது தெரியாது. காலையில் மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க."

போனேன். ஒரு கையில் தண்ணீர்க் குவளை, மறு கையில் விரித்த காகிதம். மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"எடுக்க வேணாம். அங்கனயே நில்லுங்க. பாருங்க."

நின்றேன். ஒவ்வொன்றாக விழுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர், ஒரு மூச்சு. முழுசான மூச்சு. முடிந்ததும் சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அதுதான் முறை, மருத்துவிச்சி நன்றாகப் பழக்கியிருந்தாள்.

"பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

அட்டையையும் தன்னுடைய மைப் பேனாவையும் மேசையில் வைத்தாள். "அப்ப போடுங்க. இன்னிக்குக் கட்டத்துல. பக்கத்துக் கட்டத்துல போட்டுறாதீங்க, அவ என்னயத்தான் ஏசுவா."

சின்னக் கட்டம்.  என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். அவள் குனிந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மை காய்வதற்காக அட்டையை வாய்க்கு நேரே பிடித்து ஊதினாள். நீளமாக ஊதினாள். காய்ந்ததும் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

குவளையைக் கழுவ நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவிச்சி சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள், நாளைய கட்டம் அவளுடையது.